முப்பத்தெட்டுச் சம்மதங்கள்

கால்வாய்ச் சந்து, சான்டா இனேஸ்
1987 செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

பெர்லித்தா எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாக உங்களுக்கு வருவது அம்மாவின் குரல் பதிந்த கேசட். நம் டேப் ரெக்கார்டர் பூட்ஸ் காலில் மிதிபட்டு உடைந்துவிட்டது. இனிமேல் என் கடிதம்தான். நானும் அம்மாவும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே பாலைவன வெயிலில் நின்று வெல்டிங் செய்யும் வேலை இன்னும் உண்டா?

நெஸ்தோர் அண்ணன் விஷயத்தைக் கடைசியில் எழுதலாம் என்று நினைத்தேன். அது கோழைத்தனம். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புதன்கிழமை விடிவதற்கு முன்பு நான்கு லாரிகளில் போலீஸ் வந்தது. ஒலிபெருக்கியில், "ஆம்பளைங்க எல்லாம் சட்டையைக் கழட்டிட்டு வெளிய வாங்க!" என்று கத்தினார்கள். சந்தில் உள்ள எல்லா ஆண்களையும் கூடைப்பந்து மைதானத்தில் குந்தவைத்தார்கள். தலைக்குமேல் கோணிச்சாக்கை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டிருந்த ஒருவன் வரிசையாக நடந்து ஆறு பேரைக் காட்டினான். தன் முகத்தைக் காட்டப் பயப்படுகிறவன் அடுத்தவன் முகத்தைக் காட்டுகிறான், அதை நம்புகிறது அரசாங்கம். காட்டப்பட்ட ஆறு பேரில் அண்ணனும் ஒருவன்.

அதே நேரத்தில் வீடு வீடாகத் தேடினார்கள். நம் வீட்டுக்குள் வந்தவன் அரிசிப் பானையைக் கவிழ்த்தான். "தம்பி, பூட்ஸைக் கழட்டிட்டு வா, சோத்து மேல மிதிக்காத" என்றாள் அம்மா.

"இது என்ன கோயிலா?"

"கோயிலா இருந்தா உன்ன உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க."

கடைசியில், வாசலில் வைத்திருக்கும் பன்றித் தீவன வாளிக்குள்ளிருந்து நாட்டுத் துப்பாக்கி ஒன்றை எடுத்ததாகச் சொன்னார்கள். அந்த வாளியை நான் தினமும் கழுவுகிறேன். அதில் தவிடும் வாழைத்தோலும் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. மற்ற ஐந்து பேரும் மாலையே திரும்பிவிட்டார்கள். அண்ணன் மட்டும் நகரச் சிறையில் இருக்கிறான்.

நம் வட்டாரத் தலைவர் கேப்டன் உர்பானோ, தலையில் எண்ணெய் வழிய, போலீஸ் சார்ஜென்டுக்குப் பக்கத்திலேயே நடந்தார். எந்த வீடு யாருடையது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பதுபோல அவ்வளவு உற்சாகம்.

அம்மா சொல்லச் சொன்னது: சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

உங்கள் மகள்,
பெர்லித்தா


முகாம் எண் 3, தமாம்
1987 செப்டம்பர் 28

அன்பு மகள் பெர்லித்தாவுக்கு அப்பா கஸ்பார் எழுதுவது,

உன் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. அம்மாவின் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்.

படித்துவிட்டு ஒருநாள் முழுக்க வேலை ஓடவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நம் சந்தைப் பற்றி எனக்கு நீ சொல்லவேண்டியதில்லை. மூலைக்கு மூலை ஜின் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் சோம்பேறிகளை எனக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் போலீஸ் வராமல் பாதிரியாரா வருவார்? இங்கே கடையைத் திறந்துபோட்டுவிட்டுத் தொழப் போகிறார்கள், ஒரு ஊசி காணாமல் போவதில்லை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. நெஸ்தோரின் மடியில் கனமில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள். கேப்டனைப் பகைத்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்கிறேன். தேடி முடித்த பிறகு ஏதாவது காகிதத்தில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்களா? கேட்டு எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா


கால்வாய்ச் சந்து
1987 அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். சோம்பேறிகளைப் பற்றிய இடத்தில் அம்மா, "அவரும் அந்த மூலையில உக்காந்திருந்தவர்தானே" என்றாள். எழுதச் சொல்லவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன். மாத்திரை இருக்கிறது. உங்களுக்கு அங்கே கருவாடு கிடைக்கிறதா?

இரண்டு வாரம் என்று சொன்னீர்கள், ஏழாகிறது. ஞாயிறுதோறும் அண்ணனைப் பார்க்கிறோம். இருபது பேர் படுக்கும் அறையில் எழுபது பேர் இருக்கிறார்கள். முறைவைத்துத் தூங்குகிறார்களாம். இளைத்துவிட்டான், கழுத்தில் சொறி. "என்னடி மெடல்காரி, என்னப் பத்திப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கிண்டல் செய்தான். பிப்ரவரியில் நான் புது அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை அட்டையில் எழுதி, பார்க்காமல் ஒப்பித்து மெடல் வாங்கினேனே, அதைச் சொல்கிறான். நீதிபதி கொடுத்த வாரண்ட் இல்லாமல் யார் வீட்டையும் தேடக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு.

ஜனவரியில் மேயர் தேர்தல். லசர்னா மறுபடியும் நிற்கிறார். இந்தத் தேடுதலையெல்லாம் தன் சாதனை என்று மேடையில் சொல்கிறார். "ராத்திரியில நிம்மதியாத் தூங்கறீங்களா இல்லையா?" என்று கேட்கிறார். அவருக்காகக் கேப்டன் உர்பானோ வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசியும் மஞ்சள் பனியனும் கொடுத்தார். அம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கியதோடு நிற்காமல் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு துணி துவைக்கிறாள். மகனைச் சிறையில் வைத்தவனின் படத்தை மார்பில் சுமந்துகொண்டு எப்படி நடக்க முடிகிறது என்று கேட்டேன். "அரிசிக்கும் பனியனுக்கும் வாய் கிடையாதுடி" என்றாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எதிர்த்து நிற்பவர் அட்டர்னி சோரியானோ என்ற வக்கீல் அம்மாள். அண்ணன் வழக்கை இலவசமாக நடத்துகிறார். அவர்மேலும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. தன் முகம் அச்சடித்த விசிறிகளைச் சிறை வாசலில்கூட விநியோகிக்கிறார். ஆனால் போலீஸிடம் வாரண்ட் இல்லை என்பதை முதல் நாளே கண்டுபிடித்தவர் அவர்தான். "வாரண்ட் இல்லாம எடுத்த துப்பாக்கி கோர்ட்டுல வெறும் இரும்பு. பையன் வந்துருவான்" என்றார்.

இடம் தீர்ந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெர்லித்தா


முகாம் எண் 3, தமாம்
1987 நவம்பர் 8

அன்பு மகளுக்கு,

நலம். அங்கே புயல் என்று ரேடியோவில் கேட்டேன், கூரை பத்திரமா? கருவாடு கிடைக்காது. கிடைத்தாலும் வாசனைக்குப் பயந்து யாரும் சமைப்பதில்லை.

இப்போது நான் சொல்வதை அப்படியே அம்மாவுக்கு வாசி, ஒரு வரி விடாதே. தேர்தலில் நிற்கும் அட்டர்னிகளை நம்பவேண்டாம். அவர்களுக்கு நம் பையன் ஒரு விசிறி. ஜெயித்தாலும் தோற்றாலும் பிப்ரவரியில் முகம் தெரியாதது போலப் போவார்கள். கேப்டன் அங்கேயேதான் இருப்பார். லசர்னாவுக்கே ஓட்டுப் போடுங்கள். போடுவது தெரியும்படி போடுங்கள். மானம் பெரிதா, மகன் பெரிதா?

கேட்ட கேள்விக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. காகிதம் உண்டா, இல்லையா?

அப்பா


கால்வாய்ச் சந்து
1987 நவம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கூரையில் ஒரு தகடு மட்டும் பறந்தது, பிடித்துவந்து கல் வைத்தோம். உங்களுக்கு அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா?

ஒரு வரி விடாமல் வாசித்தேன். அம்மா துணியைக் கல்லில் பலமாக அடித்தாள். உங்களிடம் மரியாதைக் குறைவாக எழுதக்கூடாது என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். ஆகவே இதை மட்டும் சொல்கிறேன்: மானம் பெரிதா மகன் பெரிதா என்று கேட்கிற கேள்வியைக் கேப்டன்தான் வழக்கமாகக் கேட்பார்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் விசாரணை. சந்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வாரண்ட் எங்கே என்று அட்டர்னி சோரியானோ எழுந்து கேட்டார். அரசு வக்கீல் கொட்டாவியை மறைத்துக்கொண்டு ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். முப்பத்தெட்டுத் தாள்கள். வீட்டுக்கு ஒன்று. "செப்டம்பர் 2, காலை 4.30 மணிக்கு, போலீசார் என் வீட்டைத் தேட நான் தானாக முன்வந்து சம்மதித்தேன். தேடுதல் ஒழுங்காக நடந்தது. எந்தப் பொருளும் சேதமாகவோ களவாகவோ இல்லை." கீழே கைநாட்டு. நம் வீட்டுத் தாளில் அம்மாவின் கட்டைவிரல்.

சம்மதம் கொடுத்த வீட்டுக்கு வாரண்ட் எதற்கு என்றார் அரசு வக்கீல். முப்பத்தெட்டும் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்று நீதிபதி கேட்டார். "ஆமாம் கனம் நீதிபதி அவர்களே, மிக அழகான கையெழுத்து" என்றார் அரசு வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள். இதை எழுதியது யார் என்று அட்டர்னி பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கு ஜனவரிக்குப் போய்விட்டது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: காகிதம் உண்டு.

இந்த ஊரில் எல்லோரும் எவ்வளவு கேவலம் என்று எழுதினால் தபால்தலை போதாது.

பெர்லித்தா


கால்வாய்ச் சந்து
1987 டிசம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமா? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ் விடியல் பூசைகள் இன்று ஆரம்பம். அம்மா முதல் பூசைக்கே போய் அண்ணனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். போன கடிதத்தில் நான் எழுதியது கோபமூட்டியிருந்தால் மன்னிக்கவும்.

கேப்டன் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார், நம் நாற்காலி அல்லவா. அம்மாவிடம், "சலுத், உனக்கு எழுதத் தெரியாது. ஓட்டுச் சீட்டுல மேயர் பேரெழுத ஒத்தாசைக்கு வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரலாம். பெர்லித்தா வரட்டும். இவ கையெழுத்துதான் நமக்குத் தெரியுமே. எண்ணும்போது அந்தச் சீட்டு என் கண்ணுல படும். லசர்னா பேர் இருந்துச்சுன்னா, மறுநாள் மத்தியானச் சோறு நெஸ்தோர் இங்கதான் சாப்பிடுவான்" என்றார்.

"இல்லன்னா?" என்றேன் நான்.

"இல்லன்னா அவனுக்குச் சிறைச் சோறு பழகியிருக்கும்."

அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட்டு!

ஏன் எழுதவில்லை, அப்பா? இன்னொரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறேன்.

பெர்லித்தா


முகாம் எண் 3, தமாம்
1987 டிசம்பர் 22

பெர்லித்தாவுக்கு,

முதல் தாள் அம்மாவுக்கு. நலம், முதுகு பரவாயில்லை, பண்டிகை வாழ்த்துகள். இந்த இரண்டாவது தாளை அவளுக்கு வாசிக்காதே.

நம் சந்து டோல்ஃபோவும் நானும் ஒரே அறை என்பது உனக்குத் தெரியும். அவன் மனைவி கேசட் அனுப்பியிருந்தாள். இங்கே கேசட் வந்தால் எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம், எல்லா வீட்டுச் செய்தியும் எல்லோருக்கும். குழந்தைக்கு அம்மை போட்டது, கூரை பறந்தது, எல்லாம் சொன்னாள். பிறகு சொன்னாள்: "குழாயடியில உக்காந்து முப்பத்தெட்டுத் தாளையும் எழுதினது கஸ்பாரோட பொண்ணு." டோல்ஃபோ பட்டென்று நிறுத்தினான். எட்டுப் பேரும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உன் நவம்பர் கடிதம் வந்தது. "முப்பத்தெட்டுத் தாள்கள்." "அழகான கையெழுத்து." எல்லோரும் கேவலம். நடந்ததை நடந்தபடி எழுதுகிற பெண் நீ.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆறு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. காகிதத்தைப் பற்றி நான் ஏன் கேட்டேன் தெரியுமா? இங்கே வெள்ளிதோறும் கம்பெனிக் காவலாளிகள் எங்கள் அறையைத் தேடுகிறார்கள். போன வருடம் என் ஜெபமாலையை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். போட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு நன்றியும் சொன்னேன். அதன் பிறகுதான் இங்கே ஊசி காணாமல் போவதில்லை என்று உங்களுக்கு எழுதினேன்.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. லசர்னாவுக்கே போடச் சொல். எனக்கு என் மகன் வெளியே வரவேண்டும். யாருக்குப் போட்டீர்கள் என்று எழுது.

அப்பா


கால்வாய்ச் சந்து
1988 ஜனவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடல்நலம் பற்றி இந்த முறை உண்மையாக எழுதுங்கள். அம்மாவுக்குக் கொதிப்பு அதிகம், வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொன்னார்.

தாள் எழுதிய அன்று வெயில் ஏறியிருந்தது. ஏழு மணிக்கு மேல் இருக்கும். தேடுதல் முடிந்துவிட்டது. சார்ஜென்ட் கையில் அச்சடித்த தாள்கள் இருந்தன. பெயர், வீடு, நேரம் மூன்றும் காலி. அவர் எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. "இந்தப் பொண்ணு எழுத்துல மெடல் வாங்கினவ சார், இவள எழுதச் சொல்லுங்க" என்றார் கேப்டன். எனக்குப் பெருமையாக இருந்தது, அப்பா. அண்ணன் மைதானத்தில் சட்டையில்லாமல் குந்தியிருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தகர டப்பாவைக் கவிழ்த்துக் குழாயடியில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டில் கலர் வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன். நேரம் என்ன போடட்டும் என்று கேட்டேன். "நாலரைன்னு போடு." போட்டேன். முப்பத்தெட்டு முறை போட்டேன். பெண்கள் கைநாட்டு வைக்க வந்து, "என்னம்மா எழுதிருக்கு?" என்று கேட்டார்கள். முதல் வரி நீளமாக இருந்தது, வரிசை பெரிதாக இருந்தது. "ஒண்ணும் களவு போகலன்னு எழுதிருக்கு" என்று கடைசி வரியை மட்டும் சொன்னேன். அம்மாவுக்கும் அதையே சொன்னேன். உடைந்த டேப் ரெக்கார்டர் அவள் கக்கத்தில் இருந்தது.

சம்மதம் என்ற சொல்லை நான் படித்தேன். வாரண்ட் பற்றி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அழகாக வளைத்து எழுதுவதில் கவனமாக இருந்தேன். இந்த ஊரிலேயே கேவலமானவள் யார் என்று செப்டம்பரிலிருந்து எனக்குத் தெரியும். அதை எழுதாமல் இருக்கத்தான் மற்றவர்களைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

உங்கள் இரண்டாவது தாளை ரகசியமாக வைக்கச் சொன்னீர்கள். வைக்கவில்லை. முந்தாநாள் அம்மாவுக்கு முழுவதும் வாசித்தேன். பிறகு என் கதையைச் சொன்னேன். அவள் சட்டியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து. கைநாட்டு வைக்கறவளுக்குக் கண்ணு கெடையாதுன்னு நெனச்சியா? நடுக் குழாயடியில உக்காந்து எழுதற, சந்தே பாத்துக்கிட்டு நிக்குது."

"அப்ப கோர்ட்டுல ஏன் யாரும் சொல்லல?"

"நீ எந்திரிச்சுச் சொல்லுவன்னு பாத்தோம். நீதான் உண்மையத் தவிர வேற பேசாத பொண்ணாச்சே." மீனைத் தட்டில் போட்டாள். "முப்பத்தெட்டுப் பொம்பளைங்க வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம், ஒரு புள்ளையக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு. என் இன்னொரு புள்ள கம்பிக்குப் பின்னால நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தான்."

அவள் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை அட்டர்னி சோரியானோவிடம் போனேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதேன். "அழாத. நனஞ்ச காயிதத்துல டைப் அடிக்க முடியாது" என்றார். நேரத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். தேடி முடிந்த பிறகு எழுதப்பட்ட சம்மதம், தேடுவதற்கு முன்பு என்று பொய்நேரம் போட்டது, வாசித்துக் காட்டாமல் வாங்கிய கைநாட்டு. மூன்றையும் வாக்குமூலமாக அடித்தார். கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். போட்டேன். நேற்றே நீதிபதியிடம் கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பு இருபத்தைந்தாம் தேதி. நீதிபதி என்ன சொல்வார் என்று தனக்கும் தெரியாது என்றார் அட்டர்னி. பொய் நம்பிக்கை கொடுக்காததால் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. ஆனாலும் போகும்போது ஒரு விசிறியைக் கொடுத்தார்.

இன்று காலை கேப்டன் சந்து முனையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "கோர்ட்டு தீர்ப்பெல்லாம் சினிமாவுல பாருங்க. பதினெட்டாந்தேதி சீட்டு, பத்தொம்பதாந்தேதி பையன்" என்றார்.

அம்மா யாருக்குப் போடப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். "பூத்துல சொல்றேன்" என்கிறாள்.

பெர்லித்தா


கால்வாய்ச் சந்து
1988 ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்குச் சுகமும் நல்ல தூக்கமும் கிடைக்கவேண்டும். அம்மா நேற்று முதல் உப்பில்லாமல் சாப்பிடுகிறாள்.

நேற்று ஓட்டுப்பதிவு. வாக்குச்சாவடி என் வகுப்பறைதான். அம்மா மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அவளிடமிருந்து பத்தடி தள்ளி நடந்தேன். எங்கள் கணக்கு டீச்சர்தான் தேர்தல் அதிகாரி. என்னை வலது கையைத் தூக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்: வாக்காளர் சொல்வதை மட்டுமே எழுதுவேன், எழுதியதை யாரிடமும் சொல்லமாட்டேன். ஜன்னலுக்கு வெளியே கேப்டன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பெஞ்சு மறைப்புக்குள் இருவரும் தலையைக் குனிந்தோம். அம்மாவின் வாயில் வெற்று வயிற்று வாடை அடித்தது. மேயர் என்று இருந்த கோட்டின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இவள் அந்தப் பெயரைச் சொன்னால் அட்டர்னி பெயரை எழுதிவிடுவது என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதே. அங்கே உட்கார்ந்தபோதுதான், இதுவும் குழாயடிதான் என்று உறைத்தது. அவள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதையே எழுதுவது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். லசர்னா என்றாலும்.

அம்மா என் காதில் ஒரு பெயரைச் சொன்னாள்.

"அம்மா, கேப்டனுக்கு என் கையெழுத்து தெரியும். மாத்திக் கிறுக்கட்டுமா?"

"எதுக்குக் கிறுக்கணும்? அவனுக்கு முப்பத்தெட்டு நல்லா எழுதிக் குடுத்தல்ல? எனக்கு ஒண்ணு நல்லா எழுது."

எழுதினேன். எழுதியதை அவளுக்கு எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவளே போட்டாள்.

அது யார் பெயர் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லமாட்டேன், அப்பா. சத்தியம் செய்திருக்கிறேன். எத்தனையோ விஷயங்களை உங்களிடம் மறைத்தேன், அவை என் வெட்கத்துக்காக. இது அம்மாவின் சொத்து. உங்களுக்கும் அதில் கை வைக்க உரிமையில்லை. நான் கண்ணால் பார்த்ததை எழுத மட்டும் தடையில்லை.

மாலையில் எண்ணினார்கள். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, டீச்சர் உரக்க வாசித்து, கட்சிக்காரர்களுக்குத் தூக்கிக் காட்டினார். கேப்டன் கயிற்றுக்குமேல் சாய்ந்து, கருவாட்டுக் கடைப் பூனைபோல ஒவ்வொன்றையும் முகர்ந்தார். நாங்கள் ஜன்னலோரம் நின்றோம். நூற்றுப் பத்தாவது சீட்டோ என்னவோ, டீச்சர் தூக்கிக் காட்டினார். அத்தனை தூரத்திலிருந்தும் என் எழுத்தின் வளைவு எனக்குத் தெரிந்தது. கேப்டனுக்கும் தெரிந்தது. அவர் முகம் பச்சைப் புளியங்காயைக் கடித்தவர் முகமாக மாறியது. அதற்கு முன்பும் பின்பும்கூட அவர் முகம் பலமுறை அப்படி மாறியதால், கால்வாய்ச் சந்துப் பெண்கள் எல்லோரும் அவருடைய அரிசியை மட்டும்தான் சாப்பிட்டார்கள், அவர் சொன்ன பெயரை எழுதவில்லை என்று நினைக்கிறேன். நம் சாவடியில் லசர்னா 71, சோரியானோ 132. ஊர் முழுக்க லசர்னாதான் முன்னால் என்று ரேடியோ சொல்கிறது. மேயர் அவராகத்தான் இருப்பார்.

கேப்டன் வெளியே வந்து அம்மாவை மறித்தார்.

"அந்தச் சீட்டு உன்னோடதுதானே, சலுத்? யாருக்குப் போட்ட? வாயத் தொறந்து சொல்லு."

"வாரண்ட் வெச்சிருக்கியா?" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. "உன் பையன் அங்கயே கெடக்கட்டும். இனி என் வாசலுக்கு வராத" என்றார்.

"வாசலுக்கு நாங்க எப்ப வந்தோம்? நீதான் எங்க வீட்டுக்குள்ள வந்த. நாற்காலியத் தொடச்சிட்டு உக்காந்த."

அவர் போன பிறகு அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை, நகம் பதிந்தது. அவள் போட்டது வெறும் ஓட்டு அல்ல அப்பா, அண்ணனின் மறுநாள் சாப்பாட்டை எடுத்து ஒரு நீதிபதியின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நீதிபதி எப்படிப்பட்டவர் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மூன்று மாதமாக அந்தப் பனியனைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தேன்.

"இருபத்தஞ்சுக்கு எத்தன நாளு இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏழு."

"ஏழு நாள் அவன் தாங்குவான்" என்றாள். பிறகு, "தாங்குவான்ல?" என்றாள்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். பெட்டிக்குப் பூட்டுப் போடட்டும் என்றாள். டீச்சர் மூன்று பூட்டையும் பூட்டி அரக்கு வைத்தார், கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கேப்டனும் போட்டார். இரண்டு ஆட்கள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். காவலாளி வந்து, எல்லோரும் கிளம்பியாகிவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பறை விளக்குகளை அணைத்தார்.

பெர்லித்தா